இடிக்கு மூச்சு வாங்கிய பாட்டு

அவரை எல்லோரும் இடி என்றுதான் கூப்பிட்டார்கள். இருபது வயதில் டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்து அடித்த அடிக்குக் கிடைத்த பெயர். முப்பத்தைந்து வருஷம் பேருந்து ஓட்டினார். லீவு நாளெல்லாம் ராக் குழுவில் வாசித்தார். கிடாரும் பாட்டும் அவர் மனைவியின் அண்ணன். பிறகு ஏதோ ஒரு கல்யாணப் பேச்சில் இருவருக்கும் வாய் தடித்தது. ஒன்பது வருஷம் முகம் பார்க்கவில்லை.

"ரெண்டு பேருல ஒருத்தர் போன பிறகா சேர்ந்து வாசிப்பீங்க?" என்று கேட்டு, மனைவிதான் இருவரையும் ஸ்டுடியோவுக்கு அனுப்பினாள்.

பழைய பாட்டு, பழைய வேகம். மதியத்துக்குள் பதினோரு முறை வாசித்தாயிற்று. ஒவ்வொரு முறையும் மூன்றாவது நிமிஷத்தில் தாளம் தளர்ந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவு செய்யும் பெண் சொன்னாள்: "சார், நல்லா வந்த இடத்த வெட்டி ஒட்டிடலாம். யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமேம்மா."

மச்சானுக்குப் பொறுமை போயிற்று. "மாப்ளே, தூங்கிட்டே வாசிக்கிறியா?"

இடி குச்சிகளை மடியில் வைத்தார். "விரல் மரத்துப் போகுது மச்சான். ஆறு மாசமா. உன் தங்கச்சிகிட்டகூடச் சொல்லல."

மச்சான் கிடாரைக் கழற்றிச் சுவரில் சாய்த்தார்.

"பாட்டை அப்புறம் பாடிக்கலாம்னு காலையிலேர்ந்து ஏன் தள்ளிப்போட்டேன்? அந்த உச்சத்துக்குத் தொண்டை ஏற மாட்டேங்குது."

"அப்புறம் என்னை மட்டும் எதுக்குத் திட்டின?"

"உன்னத் திட்டிட்டு இருக்கிற வரைக்கும் என் முறை வராதில்ல!"

சிரிக்கக்கூடத் தெம்பில்லாமல் சிரித்தார்கள். மச்சான் கிடாரை மறுபடி மாட்டிக்கொண்டார். வேகத்தைப் பாதியாக்கி, சுருதியையும் இறக்கினார்கள். பன்னிரண்டாவது முறை பாட்டு ஆறு நிமிஷம் ஓடியது. கடைசிச் சரணத்தில் வலது கை ஓய்ந்துவிட, இடது கையாலும் காலாலும் தாளத்தை இழுத்துப் பிடித்தார் இடி. மச்சான் கண்ணை மூடிக்கொண்டு, ஏறக்குறைய பேசுகிற குரலில் பாடி முடித்தார்.

"இது போதும் சார்," என்றாள் அந்தப் பெண்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் இடி நாற்காலியில் உட்கார்ந்து மனைவியிடம் கையை நீட்டினார். விஷயத்தைச் சொன்னார். அவள் ஒவ்வொரு விரலாக அழுத்திப் பார்த்தாள்.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"இன்னிக்குச் சொன்னேன்."

"அவனுக்கு முதல்ல, எனக்கு அப்புறமா?" என்றாள். கையை மட்டும் விடவில்லை. "நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட போறோம்."

அவர் நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தார்.