மீரான் ஓய்வு கொடுத்த வண்டி

மீரான் பாய் நாற்பத்தோரு வருஷம் கார் ஓட்டினார். அதில் முப்பத்தாறு வருஷம் தோல் பதனிடும் ஷாப் முதலாளி ஒருவரின் வண்டிகள். கடைசி ஐந்து வருஷம்தான் சொந்த வண்டி. 2003 ஜூலை 10ஆம் தேதி பதிவான வெள்ளைக் கார். முதலாளியின் மகன் புது வண்டி வாங்கியபோது இதை இவருக்குக் குறைந்த விலைக்குக் கொடுத்தார்.

பேகம்பூரில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். வண்டி என்றைக்கு எங்கே போனது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று அவர் சொல்லச் சொல்ல நான் ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். பெரும்பாலும் ஒரே ஊர்தான் வரும்: வத்தலக்குண்டு. அவர் மனைவி மஹ்ஜபீனின் அக்கா பாஸிலா அங்கே படுக்கையில் இருந்தார். மஹ்ஜபீனுக்கு இரண்டு முழங்காலும் மடங்காது, பஸ் படி ஏற முடியாது. அதனால் வியாழன்தோறும் காரில் கூட்டிப் போவார். கொரோனா மாதங்களை விட்டுவிட்டால் ஐந்து வருஷத்தில் தவறிய வியாழன் பதினேழு.

2023 ஜூலை 9உடன் வண்டியின் பதிவு முடிய இருந்தது. புதுப்பிக்க வேண்டுமென்றால் புகைச் சான்று வேண்டும். ஜூன் 12 காலையில் கிளம்பும்போது மஹ்ஜபீன் வாசலில் வந்து நின்று சொன்னார்.

"ஆஸ்பத்திரியில நடந்து போன உடனேவா எனக்குப் பிரஷர் பாக்குறாங்க? செத்த நேரம் உக்கார வச்சுத்தான பாக்குறாங்க. வண்டியவும் நிழல்ல நிக்க விட்டுட்டுக் காட்டுங்க."

எனக்கும் அது சரியாகவே பட்டது. பெட்ரோல் பங்கை ஒட்டிய சோதனை நிலையத்துக்கு 9.10க்குப் போய்ச் சேர்ந்தோம். வேப்ப மரத்தடியில் எஞ்சினை நிறுத்தி, பானெட்டைத் திறந்து வைத்தார் மீரான். ஐம்பது நிமிஷம் கழித்து, பத்து மணிக்கு, சோதனைக்காரர் புகைக் குழாயில் கருவியை விட்டார். கார்பன் மோனாக்சைடு அரை சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 0.92 இருந்தது.

மெக்கானிக் பழனிக்குமார் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"ஆயில், ஏர் ஃபில்டர், நாலு பிளக்கு. இம்புட்டையும் மாத்திருவோம் பாய். மூவாயிரத்துக்குள்ள முடிஞ்சிரும். அப்பவும் தேறலைன்னா கன்வர்ட்டர்தான். புகையச் சுத்தம் பண்ற டப்பா. அதுக்கு இந்த வண்டியவே வித்தாத்தான் உண்டு."

"முப்பது வருஷம் பீடி குடிச்சவன் நானு. எனக்குக் குழாய விட்டுப் பாத்தா நானுந்தான் தேறமாட்டேன். என்னைய யாரு மாத்துறா?"

"உங்களுக்கு ஸ்பேர் கெடைக்காது பாய்."

எல்லாம் மாற்றி ஜூன் 26 அன்று போனோம். மரத்தடியில் நாற்பது நிமிஷம். 0.61. மீரானுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. இன்னும் கொஞ்சந்தானே என்றார். மறுபடியும் போகும்போது மஹ்ஜபீன், "இந்தத் தடவ நல்லா இருக்க விடுங்க, அவசரப்படாதீங்க" என்று சொல்லி அனுப்பினார். ஜூலை 5 அன்று இரண்டு மணி நேரம் நிறுத்தி வைத்திருந்தோம். டயரில்கூடத் தண்ணீர் ஊற்றினார். 0.84.

அதோடு அவர் விட்டுவிட்டார். கன்வர்ட்டருக்குப் பணம் இல்லை. பதிவு முடிந்த வண்டியில் மனைவியை ஏற்றிக்கொண்டு போய் நடுரோட்டில் போலீஸ்காரரிடம் நிற்கவும் மனம் இல்லை. ஜூலை 8, சனிக்கிழமை, காயலான் கடைக்காரர் வந்து வண்டியை எடுத்துப் போனார். திங்கட்கிழமையே பிரித்துவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து என் பேரனின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பழனிக்குமாரிடம் போனேன். பாய் வண்டி என்ன ஆச்சு என்று கேட்டார். நோட்டில் இருந்த மூன்று சோதனையையும் நிறுத்திய நேரத்தோடு வாசித்தேன். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"எதுக்கு சார் நிறுத்துனீங்க? எஞ்சின் நல்லாச் சூடா இருந்தாத்தான அந்த டப்பா வேலை செய்யும். ஓட்டிட்டுப் போன சூட்டோட காட்டியிருந்தா ரெண்டாவது தடவையே தேறியிருக்கும்."

எல்லாம் மாற்றிய பிறகு, நிறுத்திய நேரம் கூடியதும் அளவும் கூடியிருந்தது. இரண்டும் பக்கத்துப் பக்கத்து வரியில், என் கையெழுத்தில். எழுதியவன் ஒரு தடவையாவது சேர்த்துப் படிக்கவில்லை.

மீரானிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆகஸ்ட் 2 சாயங்காலம் சொல்லிவிட்டேன். அவர், "முதலாளி வண்டிய முப்பத்தாறு வருஷமா நிழல்லதான் சார் நிறுத்துனேன்" என்றார். கொஞ்சம் கழித்து, "அவகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. தாங்க மாட்டா" என்றார்.

மறுநாள் வியாழன். மூன்று பேரும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். வத்தலக்குண்டு பஸ்ஸில் மஹ்ஜபீன் முதல் படியில் காலை வைத்தார். மீரான் பின்னாலிருந்து தாங்கினார். இரண்டாவது படிக்குக் கால் எழவில்லை. ஏறட்டும் என்று கண்டக்டர் பொறுத்துத்தான் பார்த்தார். பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். மஹ்ஜபீனே, "எறக்கி விட்டுருங்க" என்றார்.

பஸ் போன பிறகு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். அக்காவுக்கென்று வாங்கிய ஆயக்குடிக் கொய்யா பையோடு மடியில் இருந்தது.

"அன்னைக்கி வண்டிய இன்னும் செத்த நேரம் நிக்க விட்டிருக்கலாமோ?" என்று கேட்டார்.

மீரான் என்னைப் பார்க்கவில்லை. "விட்டிருக்கலாம்" என்றார். ஆட்டோ பிடிக்க எழுந்து போனார்.