நான் சுட்டுப் பார்க்காத துவக்குகள்

வேலையை விடப் போகிறேன் என்று சொன்னபோது பட்டறையில் இருந்தவர்கள் முதலில் கேட்டது, உடம்புக்கு என்ன என்றுதான். எனக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. உடம்புக்கு ஒன்றும் இல்லை, வேறு சில விஷயங்களைச் செய்து பார்க்க ஆசையாக இருக்கிறது என்றேன். என்ன விஷயங்கள் என்று கேட்டார்கள். மீன்பிடி, புகைப்படம், பாண் செய்வது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "பலதும்" என்று சொல்லிவிட்டு உளியைத் துடைத்தேன்.

லண்டனில் நான் வேலை செய்த இடத்தில் துவக்கு செய்தார்கள். கடையில் அடுக்கி வைத்து விற்கிற துவக்குகள் அல்ல. காட்டுக்கோழி சுடப் போகும் பணக்காரர்கள் கோட் தைக்கக் கொடுப்பது போல வந்து அளவு கொடுத்துச் செய்விப்பவை. இரும்பு வேலைக்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். என் வேலை மரம். தோளில் அணைத்துக் கன்னத்தில் பொருத்துகிற அந்த வால்நட் கட்டையைச் செதுக்கி, எண்ணெய் தேய்த்து முடிப்பது. ஜெர்மனியில் அகதியாக இருந்த காலத்தில் ஒரு தளபாடத் தொழிற்சாலையில் மரவேலை பழகியிருந்தேன். இங்கே வந்த பிறகு அது இப்படிப் பயன்பட்டது.

ஒருவருடைய கை நீளம், கழுத்து, கன்ன எலும்பு எல்லாவற்றுக்கும் கட்டை பொருந்த வேண்டும். அதற்காக அளவெடுக்கும் அறையில் ஒரு வெறும் துவக்கு இருந்தது. அதன் கட்டையைக் கூட்டலாம், குறைக்கலாம், வளைக்கலாம். உள்ளே தோட்டா இல்லை என்று இரண்டு பேர் பார்த்த பிறகு வாடிக்கையாளரிடம் அதைக் கொடுப்போம். நான் அவருக்கு எதிரே போய் நின்று என் கண்ணுக்குக் கீழே விரலை வைத்து, "இங்கே குறி வையுங்கள்" என்பேன். அவர் துவக்கைத் தூக்குவார். குழலுக்கு மேலாக அவருடைய கண் எனக்குத் தெரியும். அது நடுவில் இருந்தால் கட்டை சரி. ஒரு பக்கம் விலகினால் மரத்தில் மாற்றம் வேண்டும். ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பேசக் கூசுகிற நான், அப்படி எத்தனையோ பேரின் கண்களை நேருக்கு நேர் பார்த்திருக்கிறேன். சாம்பல், நீலம், பச்சை, ஒன்றில் சிறிய பழுப்பு மறுவும் இருந்தது. சிலர் துவக்கைத் தூக்குவதற்கு முன்பே "மன்னிக்கவும்" என்பார்கள். அது வெள்ளைக்காரரின் மரியாதைப் பேச்சு என்று நினைத்தேன்.

இவ்வளவு காலத்தில் நான் ஒரு தோட்டாவும் சுட்டதில்லை. அதற்குக் காரணம் என் மனைவி. இந்த வேலை கிடைத்த அன்றே குசினியில் அடுப்பை அணைத்துவிட்டு என்னை மறித்தாள்.

"மரத்தோடை நிண்டால் சரி. ஒரு நாளும் சுடமாட்டன் எண்டு என்ரை தலையிலை அடிச்சுச் சத்தியம் பண்ணுங்கோ."

யாழ்ப்பாணத்தில் அவள் பங்கருக்குள் இருந்து கேட்ட சத்தங்கள் இன்னும் அவளுடைய காதில் இருந்தன. நவம்பரில் நாங்கள் இருக்கும் வால்தம்ஸ்டோ முழுக்க வாணவெடி விடும்போது டிவியின் சத்தத்தைக் கூட்டி வைப்பாள். நான் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். செய்து முடித்த துவக்குகளைச் சுட்டுப் பார்க்க மற்றவர்கள் போகும்போது தோள் நோகிறது என்று சொல்லிப் பட்டறையிலேயே நின்றுவிடுவேன்.

வேலையை விட்ட பிறகு ஆசைப்பட்டதை எல்லாம் செய்து பார்த்தேன். லீ ஆற்றில் மீன் பிடித்தேன். பிடித்த மீனைத் திரும்பவும் தண்ணீரில் விட வேண்டும் என்பது அங்கே சட்டம்.

"திருப்பி விடுறதுக்கோ விடியவெள்ளண எழும்பிப் போனனீங்கள்?" என்று மனைவி கேட்டாள்.

ஓவனில் வைத்த பாண் கல்லாக வந்தது. அது ஏன் பொங்கவில்லை என்று அறிய மூன்று வகைக் கோதுமை மா வாங்கினேன். மூன்றும் மூன்று விதமான கல்லாக வந்தன. கமரா எனக்குப் பிடித்துக்கொண்டது. ஆனால் ஆட்களைப் படம் எடுப்பதென்றால் கேட்க வேண்டும். அதனால் நாய்களை எடுத்தேன்.

இதற்கிடையே குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு பரிசு அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. பட்டறைக்காரர் பிரியாவிடைக்குத் தந்தது. எசெக்ஸில் உள்ள ஒரு சுடும் மைதானத்தில் இரண்டு பேருக்கு ஒரு நாள் பயிற்சி. அங்கே பறவை இல்லை, யந்திரம் எறிகிற களிமண் தட்டுகளைத்தான் சுடுவார்கள். என் சத்தியம் அவர்களுக்குத் தெரியாது. நான் அதை ஒளிக்கவும் இல்லை, அதைப் பற்றிப் பேசவும் இல்லை. அவளும் பேசவில்லை. பால் எடுக்கும் போதெல்லாம் இருவரும் அதைப் பார்த்தோம்.

கடைசியில் அவள்தான் கேட்டாள்.

"இது காலம் முடியப்போகுது போலை. போக விருப்பமோ?"

"சுட விருப்பமில்லை. அது என்ன மாதிரி இருக்கும் எண்டு அறிய விருப்பம்."

"ரெண்டும் ஒண்டுதானே."

ஒன்றுதான். துவக்கை வாங்கிப் போனவர்கள் திரும்பி வந்து, அது தானாகத் தோளுக்கு ஏறுகிறது என்று என்னிடம் சொல்வார்கள். நான் செய்ததைப் பற்றி அவர்கள் எனக்குச் சொல்ல, நான் ஏதோ தெரிந்தவன் போலத் தலையாட்டுவேன். அந்த ஏறுதல் என்ன என்று ஒரு முறையாவது அறிய வேண்டும் போல இருந்தது. ஆனால் அவள் மறுத்திருந்தால் அட்டையைக் குப்பையில் போட்டிருப்பேன்.

இரண்டு நாள் கழித்துச் சொன்னாள். "சத்தியம் என்ரை தலைக்குத்தானே. அப்ப என்ரை தலையும் வரும். நான் பக்கத்திலை நிக்க ஒருக்காச் சுடுங்கோ. அதோடை முடியவேணும்."

அன்று மெல்லிய தூறல். மைதானத்தின் வாசலில் இருந்தே சத்தம் கேட்டது. ஒவ்வொரு வெடிக்கும் அவள் என் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்தாள். தொப்பி போட்ட ஒரு வயதான சீமாட்டி, தட்டைத் தவறவிட்டுத் தன்னையே திட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டு நின்றபோது மனைவியின் பிடி கொஞ்சம் தளர்ந்தது.

பயிற்சி தந்தவரும் ஒரு பெண்தான். எங்கள் வயது, சிவந்த கன்னம், பெரிய குரல். துவக்கைத் திறந்து இரண்டு குழல்களும் வெறுமையாக இருப்பதைக் காட்டிவிட்டு என்னிடம் தந்தார். பிறகு எதிரே போய் நின்று, கண்ணுக்குக் கீழே விரலை வைத்து, "இங்கே குறி வையுங்கள்" என்றார்.

நான் தூக்கினேன். தோளுக்கு வந்தது. குழலுக்கு மேலாக அவருடைய நீலக் கண் தெரிந்தது. உடனே இறக்கிவிட்டேன். திரும்பவும் தூக்கினேன். அவருடைய மோவாய் வரைக்கும் போன குழல் அதற்கு மேல் போகவில்லை. அது வெறும் துவக்கு என்று அந்த மைதானத்தில் என்னை விட நன்றாகத் தெரிந்தவர் இருந்திருக்க மாட்டார். எத்தனையோ பேர் என் கண்ணுக்கு நேரே பிடித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை. மறுபக்கத்தில் துவக்கைப் பிடித்து நிற்பவருக்கு என்ன தோன்றியிருக்கும் என்று நான் ஒரு நாளும் யோசிக்கவில்லை. "மன்னிக்கவும்" என்று சொன்னவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

"என்ன, பாரமோ?" என்றாள் மனைவி.

"இல்லை. அவவின்ரை கண்ணைப் பாத்துக்கொண்டு ஏலாமல் கிடக்கு."

"அவவின்ரை கண்ணை நீங்கள் ஏன் பாக்கிறியள்?"

அவள் என்ன சொல்கிறாள் என்று பயிற்சியாளர் கேட்டார். மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் உரக்கச் சிரித்தார். இதை விட்டுவிட்டு நேரே தட்டுக்குப் போகலாம் என்றார். எனக்கு அந்தத் துவக்கைத் திரும்பக் கொடுத்துவிட வேண்டும் போல இருந்தது. கொடுத்துவிட்டேன். பயிற்சியாளர் மனைவியின் பக்கம் திரும்பி, நீங்கள் சுட்டுப் பார்க்கிறீர்களா என்று கேட்டார். அவள் முடியாது என்று சொல்வாள் என்று நின்றேன். அவள் தன் ஹாண்ட்பாக்கை என் கையில் தந்தாள்.

"ஆளுக்கு நேரை பிடிக்கமாட்டன் எண்டு சொல்லுங்கோ. தட்டுக்கெண்டால் பிடிக்கிறன்."

காதுக்கு மூடி போட்டார்கள். முதல் தட்டு தப்பியது. இரண்டாவதும் தப்பியது. அதற்கடுத்த தட்டு செம்மஞ்சள் தூளாகச் சிதறியது. "பாத்தீங்களே!" என்று கத்திக்கொண்டு அவள் துவக்கோடு என் பக்கம் திரும்பப் பார்க்க, பயிற்சியாளர் பாய்ந்து குழலைப் பிடித்து மைதானத்தின் பக்கமே தள்ளி வைத்தார்.

வீட்டுக்கு வரும் ரயிலில் நான் கேள்விகளை நிறுத்தவில்லை.

"தோளிலை இடிச்சதோ?"

"ஒரு தள்ளு. பஸ் பிரேக் பிடிச்ச மாதிரி."

"மரம் கன்னத்திலை பட்டதோ?"

"பட்டது."

"எப்பிடி இருந்தது?"

"மரம் மாதிரி."

"சத்தம்?"

"அது நான் போட்ட சத்தம் எல்லோ" என்றாள். பிறகு, "சத்தியம் முடிஞ்சுது. விருப்பமெண்டால் நீங்களும் போய்ச் சுடுங்கோ" என்றாள்.

எனக்குச் சுட விருப்பம் இருக்கவில்லை. அறிகிற விருப்பம் மட்டும் அப்படியே இருந்தது.

"தட்டு உடைஞ்சுதே, அந்த நேரம் நீர் குழலைப் பாத்தனீரோ, தட்டைப் பாத்தனீரோ?"

"கண்ணை மூடிப்போட்டன்."

எதிரே இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள்.

"அப்ப அடுத்த முறை கண்ணைத் திறந்து வைச்சிருந்து பாத்துச் சொல்லும்" என்றேன்.

அவள் மாட்டேன் என்று சொல்லவில்லை.