சீல் வைத்த தண்ணீர்

அண்ணனூர் வந்து இறங்கி மூன்று நாள் ஆகியும், கையில் ஒரு வாழைப்பழத் தோலை வைத்துக்கொண்டு அடுப்படியில் விழித்துக்கொண்டு நின்றேன். கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் கதவில் இடித்துக்கொள்ளாத என் சொந்த வீட்டில், ஒரு தோலை எங்கே போடுவது என்று தெரியவில்லை. ஜெர்மனியில் என் அறைக்குக் கீழே நாலு தொட்டிகள் உண்டு. பழுப்பில் காய்கறித் தோல், நீலத்தில் காகிதம், மஞ்சளில் பிளாஸ்டிக், கறுப்பில் மிச்சம் மீதி. இரண்டு வருஷத்தில் கை தானாகப் பழுப்பைத் தேடப் பழகிவிட்டது. பின்னால் வந்த அம்மா, "இன்னாடா, தோல வெச்சுகினு சாமி கும்புட்றியா?" என்று பிடுங்கி ஜன்னல் வழியாக வீசினாள். தெருவில் நின்ற மாடு அதைத் தின்று முடித்துவிட்டு, இன்னொன்று வருமா என்று ஜன்னலைப் பார்த்தது. என் நாலு தொட்டியும் அந்த மாட்டிடம் தோற்றுப்போயின.

அந்தத் தொட்டிகளை நான் கற்றுக்கொண்டதே ஒரு கூத்து. போன புதிதில் ஒரு காலையில் கதவு தட்டும் சத்தம். கீழ்வீட்டு ஹெல்கா அம்மையார் நின்றிருந்தார், கையில் ஒரு பால் அட்டைப்பெட்டி. ஏதோ சொல்லி நீட்டினார். எனக்கு அப்போது ஜெர்மன் பத்து வார்த்தைதான். புதிதாகக் குடிவந்தவர்களுக்குப் பக்கத்து வீட்டார் ஏதாவது கொடுத்தனுப்புவது எங்கள் தெரு வழக்கம். பால் கொடுக்கிறார் என்று நினைத்து, "டாங்கே, டாங்கே" என்று நன்றி சொல்லி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு குனிந்து வணங்கினேன். பெட்டி காலி. அவர் முகம் போன போக்கை இன்னும் மறக்கவில்லை. உள்ளே பிளாஸ்டிக் பூசியிருப்பதால் மஞ்சளுக்குப் போகவேண்டிய அதை, முந்தின நாள் நானே தப்பாக நீலத் தொட்டியில் போட்டிருக்கிறேன் என்று புரிய ஒரு வாரம் ஆனது.

புரிந்ததும் வெட்கத்தைவிட வெறிதான் அதிகம் வந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். எதைக் கற்றாலும் பரீட்சைக்குப் படிப்பது மாதிரி கற்றுத்தான் எனக்குப் பழக்கம். மூங்கில் பிரஷ் வாங்கினேன். சோப்புக் கட்டி மாதிரி வரும் ஷாம்பு வாங்கினேன். கடைக்குத் துணிப்பையும் கண்ணாடி ஜாடியும் எடுத்துப் போனேன். கூட வேலை செய்யும் யோனாஸ் என்னைவிடத் தீவிரம். யார் வீட்டில் குப்பை குறைவு என்று எங்களுக்குள் வாரா வாரம் போட்டி. அலுவலகத்தில் தண்ணீர் கேட்டால் குழாயைத் திறந்து, அலமாரியில் கைக்கு அகப்பட்ட டம்ளரில் பிடித்துத் தருவார்கள். அது யார் குடித்த டம்ளர் என்று அங்கே யாரும் யோசித்ததில்லை. நானும் யோசிக்கவில்லை. பிளாஸ்டிக் மிச்சம் என்று மட்டும் சந்தோஷப்பட்டேன். நீங்களும் வெளியூரில் இருப்பவர் என்றால் தெரிந்திருக்கும், புதிதாகப் பிடித்துக்கொண்ட ஒரு நல்ல பழக்கத்தை ஊருக்குக் கொண்டுபோய்க் காட்டும் ஆசை எப்படிப் போட்டு ஆட்டும் என்று!

பெட்டியைத் திறந்து மூங்கில் பிரஷ்ஷை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தேன். அப்பா திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மரக்குச்சில பல்லு வெளக்கத்தான் ஏரோப்ளேன் ஏறிப் போனியா? நம்ம தெரு முனைலயே வேப்ப மரம் கீதே" என்றார். ஷாம்புக் கட்டியை அம்மா பாத்திரம் தேய்க்கிற இடத்தில் வைத்துவிட்டாள். இரண்டு நாளைக்குச் சாம்பாரில் லாவண்டர் மணத்தது.

இதெல்லாம் முன்னோட்டம்தான். நான் லீவு போட்டு வந்ததே தங்கை கவிதாவின் நிச்சயதார்த்தத்துக்கு. மாப்பிள்ளை வீடு ஐயப்பன்தாங்கல். பட்டாபிராமில் ஒரு சின்ன மண்டபம் பிடித்திருந்தார்கள். குப்பையே சேராத ஒரு நிச்சயத்தை நடத்திக் காட்டுவது என்று விமானத்திலேயே முடிவு பண்ணியிருந்தேன். வாழை இலை இருக்கவே இருக்கிறது. பேப்பர் கப்புக்குப் பதில் எவர்சில்வர் டம்ளர். முக்கியமாக, இலைக்கு ஒன்றாக வைக்கிற அந்தக் குட்டித் தண்ணீர் பாட்டில் கிடையாது. ஒரு பந்தி எழுந்ததும் மேஜை முழுக்கப் பாதி குடித்த பாட்டில்களாகக் கிடக்குமே, அது கிடையாது. வெட்டிவேர் போட்ட தண்ணீர் இரண்டு டிரம்மில் இருக்கும். நானும் மாமா பிள்ளைகளும் ஜக்கில் பிடித்து ஊற்றுவோம்.

சமையல் கான்ட்ராக்டர் தனபாலிடம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"குட்டி பாட்டில் இல்லாம இன்னா பந்தி தம்பி? மாப்ள ஊட்டுக்காரங்க நம்மளப் பத்தி இன்னா நெனப்பாங்க?"

"டம்ளர்ல குடிப்பாங்கண்ணே."

"டம்ளர் கழுவ யாரு கீறா? என் ஆளுங்க சமைப்பாங்க, பரிமாறுவாங்க. அதோட சரி."

"நானே கழுவுறேன்."

"டம்ளர் கழுவுறதுக்கா உன்ன ஜெர்மனி போற அளவுக்குப் படிக்க வெச்சாரு உங்கப்பா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. "எல்லாருக்குமா டம்ளரு?" என்று மட்டும் கேட்டார். எல்லாருக்கும்தான் நைனா என்றேன். சரி என்று தலையாட்டினார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

நிச்சயத்துக்கு இரண்டு நாள் முன்பு, தட்டு வரிசைக்கான தாம்பாளங்களைத் தேடிக் கட்டிலுக்கு அடியில் குனிந்தேன். அங்கே நாலு அட்டைப்பெட்டி. நாலிலும் குட்டித் தண்ணீர் பாட்டில்கள்.

"நைனா, இன்னா இது?"

"இருக்கட்டும்டா. ஒரு சேஃப்டிக்கு."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கூவம், கடல், மீன் வயிற்றில் பிளாஸ்டிக் என்று யோனாஸிடம் கற்ற அத்தனையையும் கொட்டினேன். அப்பா மொபெட் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்த கவிதா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"மீனு கதை முடிஞ்சிச்சா?"

"நீயும் அவரு பக்கமா?"

"அண்ணா, நைனா பட்டறைலேர்ந்து ஆளுங்க வர்றாங்க. ஃபோர்மேன் வர்றாரு. அவங்க நம்ம கையால ஊத்துற தண்ணிய குடிப்பாங்களான்னு நைனாக்கு பயம். சோறு பரவால்ல, தனபால் அண்ணன் ஆளுங்க ஆக்குறது, ஹோட்டல்ல துன்ற மாதிரி. தண்ணி அப்டி இல்ல. சீல் வெச்ச பாட்டில்னா கம்பெனித் தண்ணி. எவனும் குடிப்பான். நீ ஜக்குல ஊத்துனா, அது நம்ம ஊட்டுத் தண்ணி."

தாம்பாளம் கையில் இருக்க அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் சாதி எனக்குத் தெரியாததல்ல. திருவள்ளூர்ப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நடவு நட்ட குடும்பம். தாத்தா காலத்தில் டீக்கடையில் கொட்டாங்கச்சியில் வாங்கிக் குடித்தார்கள் என்று கேட்டிருக்கிறேன். ஆனால் அதெல்லாம் அங்கே, அப்போது. அம்பத்தூர் எஸ்டேட்டில் அப்பா லேத் ஓட்டப் போனதோடு அது முடிந்துவிட்டது என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது, என் பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாள். பட்டறையிலிருந்து ஃபோர்மேனும் இன்னும் இரண்டு பேரும் என்னைப் பாராட்ட வீட்டுக்கு வந்தார்கள். அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள். "வேணாம்மா, இப்பதான் குடிச்சிட்டு வந்தோம்" என்றார்கள். அப்பா உடனே கடைக்கு ஓடிப்போய் மூன்று பாட்டில் கலர் வாங்கிவந்து, அவர்கள் கண் முன்னாலேயே மூடியைத் திறந்தார். மூன்று பேரும் குடித்தார்கள். நான் மார்க் வாங்கியதற்கு அப்பா பெரிய மனுஷர்களுக்குக் கலர் வாங்கிக் கொடுக்கிறார் என்று எனக்கு அன்றைக்கு அவ்வளவு பெருமை. காலேஜில் பலரிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். அம்மாவின் சொம்பு அன்று எங்கே போனது என்று நான் பார்க்கவே இல்லை.

"சரி, பாட்டிலே வெச்சிடலாம்" என்றேன். நிஜமாகவே சொன்னேன். பூமியைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று அப்பாவைச் சபையில் தலைகுனிய வைக்க எனக்கு மனசில்லை.

கவிதா ஊசியை ரவிக்கையில் குத்தி வைத்தாள். "வேணாம். நீ மீனுக்காக சொன்ன. நான் எனக்காக சொல்றேன். என் நிச்சயத்துல நைனா கலர் பாட்டிலத் தூக்கிகினு ஒருத்தன் பின்னால ஓடக் கூடாது."

ராத்திரி சாப்பாட்டில் அதையே அப்பாவிடம் சொன்னாள். "குடிக்காம எழுந்து பூட்டா?" என்றார் அப்பா. "பூட்டா பூட்டும். குடிக்காதவனுக்கு எதுக்கு நைனா தண்ணி?" என்றாள். அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அப்பாவின் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள். அப்பா ஒத்துக்கொண்டாரா, இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. பெட்டிகளை மண்டபத்துக்குக் கொண்டுபோய் ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நிச்சயத்தன்று காலையிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. டிரம்மில் வெட்டிவேரைக் கட்டி இறக்கினேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டம்ளர் கழுவினேன். மாப்பிள்ளையின் அத்தை வந்து, "வெயிலுக்கு இதமா கீதுப்பா" என்று மூன்று டம்ளர் குடித்தார். முதல் பந்தி எழுந்தபோது மேஜைகள் சுத்தமாக இருந்தன, இலையைத் தவிர ஒன்றுமில்லை! தனபால்கூட எட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

மூன்றாம் பந்தியில் பட்டறை ஆட்கள் உட்கார்ந்தார்கள். நான் ஜக்கோடு போனேன். ஃபோர்மேன் டம்ளரை நகர்த்தவும் இல்லை, தொடவும் இல்லை. ஊற்றினேன். பக்கத்தில் இருந்த சேகர் என்பவர், அப்பாவோடு ஒரே மிஷினில் மாறி மாறி ஷிப்ட் பார்ப்பவர், கையால் டம்ளரை மூடி, "அப்புறம் பாத்துக்கலாம் தம்பி" என்றார். சாம்பார் போயிற்று, காரக்குழம்பு போயிற்று, ரசம் போயிற்று. இரண்டு பேர் டம்ளரும் அப்படியே இருந்தன. அப்பா தூண் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். பாயசம் வந்தபோது அவர் கை சட்டைப் பைக்குப் போனது. சாவி வெளியே வந்தது. மேடையில் பட்டுப் புடவையில் உட்கார்ந்திருந்த கவிதா அங்கிருந்தே மெதுவாகத் தலையை அசைத்தாள், வேண்டாம் என்று.

அப்பா சாவியைத் திரும்பப் பைக்குள் போட்டார். நேராக ஃபோர்மேன் இலைக்கு முன்னால் வந்து நின்றார். இத்தனை வருஷ வேலையில் அப்பா அவரிடம் எதையும் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை.

"தண்ணி குடிங்க சார்" என்றார்.

குரல் பலமாக இல்லை. ஆனால் அந்த வரிசையே நிமிர்ந்து பார்த்தது. ஃபோர்மேன் அப்பாவைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார். "குடிக்கிறேன் ஆறுமுகம்" என்று எடுத்து, வாய் வைத்து, நிறுத்தாமல் குடித்தார். "வெட்டிவேரா? நல்லாக்கீதே. இன்னும் கொஞ்சம் ஊத்து" என்று டம்ளரை நீட்டினார். நீட்டியது என்னிடம். என் கையிலிருந்த ஜக்கை வாங்கி ஊற்றியது அப்பா.

சேகர் இலையை மடித்துவிட்டு எழுந்தார். கை கழுவினார். வாசலுக்குப் போய் எதிர்க் கடையில் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கி, அங்கேயே நின்று குடித்தார். அதையும் எல்லாரும் பார்த்தோம். பின்னாலேயே அப்பா ஓடவில்லை. அடுத்த இலைக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

எல்லாம் முடிந்து மண்டபத்தைப் பெருக்கியபோது, இலைகளைத் தவிர்த்து மொத்தக் குப்பையும் ஒரே ஒரு சின்ன மூட்டைதான். ஆமாம், ஒரே மூட்டை! நம்ப முடியாமல் இரண்டு தரம் சுற்றிச் சுற்றிப் பார்த்து, போட்டோ எடுத்து யோனாஸுக்கு அனுப்பினேன். மூட்டையின் மேலாக, வாசலிலிருந்து யாரோ பொறுக்கிப் போட்டிருந்த அந்த ஒற்றை பாட்டிலும் போட்டோவில் விழுந்திருந்தது.

மறுநாள் காலை நாலு பெட்டியையும் சீல் உடையாமல் கடையில் திருப்பிக் கொடுக்க அப்பாவும் நானும் மொபெட்டில் கிளம்பினோம். இரண்டு பெட்டி முன்னால் அவர் காலடியில். இரண்டு எனக்கும் அவருக்கும் நடுவில். அப்பாவின் முதுகு தெரியாத அளவுக்கு உயரம். அண்ணனூர் ரயில்வே கேட் மூடியிருந்தது. சென்ட்ரல் போகிற ரயிலுக்காக நின்றோம். அப்போது போன் அதிர்ந்தது. யோனாஸ்தான். "அற்புதம்! ஒரே ஒரு பாட்டில்! யார் அந்தக் குற்றவாளி?" என்று ஜெர்மனில் எழுதி, சிரிக்கிற முகம் ஒன்றும் போட்டிருந்தான்.

பெட்டிகளுக்கு அந்தப் பக்கமிருந்து அப்பாவின் குரல் வந்தது. "யாருடா? அந்த ஊரு ஆளா? இன்னா சொல்றான்?"

"ஃபங்ஷன் சூப்பர்ன்றான் நைனா."

யோனாஸுக்குப் பதில் எழுத ஆரம்பித்தேன். அவன் மொழி எனக்கு இப்போது நன்றாகவே வரும். இரண்டு தரம் எழுதி இரண்டு தரம் அழித்தேன். கடைசியில், "தாகம் எடுத்த ஒரு விருந்தாளி" என்று மட்டும் அனுப்பினேன். ரயில் போய் முடிந்து கேட் மேலே எழும்பியது. "பெட்டியப் புட்ச்சிக்கோ" என்றார் அப்பா. பிடிக்க இரண்டு கையும் தேவைப்பட்டது. போனை மேல் பெட்டியின் மேல் வைத்துத் தாடையால் அழுத்திக்கொண்டேன். தாடைக்கு அடியில் அது மறுபடி அதிர்ந்தது. வண்டி தண்டவாளத்தின் மேல் குலுங்கி ஏறியது. அப்பா ஏதோ சொன்னார். காற்றில், "...ரெண்டாவது டம்ளரும் கேட்டாருல்ல..." என்ற பாதிதான் காதில் விழுந்தது.