கூட்டுக்குள் ஒரு குட்டித் தூக்கம்

கதை கட்டுகிற ஆள் இல்லை நான். கட்டத் தெரிந்திருந்தால் இதைவிட நல்லதாக ஒன்றைக் கட்டியிருப்பேன். இது நடந்தது. அன்றைக்கு ஷெட் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டில் விளக்குக்காரருக்குப் பக்கத்தில் நின்றவன் நான்தான். நான் பார்க்காததை அவரே என்னிடம் சொன்னார். ஒரே ஒரு முறை.

எங்கள் வேலை, இருப்பதை இல்லாததுபோல் காட்டுவது. ஷெட்டின் நடுவில் ஏழடி உயரத்துக்கு ஒரு கூடு. சுற்றிலும் மெல்லிய தகடுகள். சுவிட்சைப் போட்டால், ஆற்றுத் தண்ணீர் கல்லைச் சுற்றிக்கொண்டு போவதுபோல வெளிச்சம் கூட்டைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடும். பார்க்கிறவர்களுக்குக் கூடு தெரியாது, பின்னால் இருக்கும் சுவர்தான் தெரியும். சத்தத்துக்கும் அதே கதிதான். வந்தவர்கள் எல்லாம் வாயைப் பிளப்பார்கள்.

உள்ளே இருப்பவனுக்கு என்ன தெரியும் என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள். வெளிச்சம் உள்ளே போனால்தானே ஏதாவது தெரியும்? கும்மிருட்டு. தொண்டை கிழியக் கத்தினாலும் வெளியே ஒரு சத்தம் வராது. சுவிட்ச் போட்டதும் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். மூடிய கூட்டுக்குள் காற்று நாற்பது நிமிடம்தான் தாங்கும் என்று கதவில் சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது.

அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். சுவிட்ச் போடும் முன் மூன்று பேரும் மஞ்சள் கோட்டில் நிற்க வேண்டும். சூப்பர்வைசர் அம்மா மீட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், எங்களுக்கு முதுகைக் காட்டியபடியே, வேலையைச் சொல்லிக் கூப்பிடுவார். விளக்கு? தகடு? பேட்டரி? ஒவ்வொருவரும் "வெளியே" என்று சொன்ன பிறகுதான் சுவிட்சில் கை வைப்பார்.

தகடு நான். பேட்டரியைப் பார்த்துக்கொண்டவன் விளக்குக்காரரின் மனைவிக்குத் தம்பி. வேலை வாங்கிக் கொடுத்தது விளக்குக்காரர்தான். கொடுத்த நாளிலிருந்து அதைச் சொல்லிக் காட்டாமலும் இருந்ததில்லை. சாப்பிட்டதும் அவனுக்குக் கண் சொருகும். யாருக்கும் தெரியாமல் கூட்டுக்குள் போய்ச் சுருண்டுகொள்வான். அதைக் கண்டுபிடித்து, காலைப் பிடித்து வெளியே இழுத்துப்போட்டு, தூங்குமூஞ்சி என்று பெயரும் வைத்தார் மாமாக்காரர். விளக்குக்காரருக்கு யார் குரலும் அப்படியே வரும். மச்சினன் குரலில் கொட்டாவி விட்டு எங்களைச் சிரிக்கவைப்பார். அவனும் கூடவே சிரிப்பான். அக்கா வீட்டுச் சோறு, வேறு என்ன செய்வான் பாவம்.

கூட்டைப் போலவே ஒரு போர்வையும் எங்களிடம் இருந்தது. போர்த்திக்கொண்டால் ஆள் தெரியாது. தனி பேட்டரி, ஐந்து மணி நேரம் தாங்கும். அலமாரிக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும்.

அன்று மதியம் மணி 2:10. மூன்று மணிக்குக் கூட்டை விலைக்கு வாங்குகிறவர்கள் வரப்போகிறார்கள். அதற்கு முன் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

"விளக்கு?"

"வெளியே."

"தகடு?"

"வெளியே."

"பேட்டரி?"

என் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. அவன் எங்கே தூங்குகிறான் என்று விளக்குக்காரருக்குத் தெரியும். ஐந்து நிமிடம் இருட்டில் உருளட்டும், அப்போதுதான் புத்தி வரும் என்று நினைத்தாராம். மச்சினன் குரலில், அந்தத் தூக்கக் கலக்கத்தோடு, "வெளியே" என்றார்.

நான் சிரித்தேன். டீ குடிக்கப் போனவனுக்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

சுவிட்ச் விழுந்தது. கூடு மறைந்தது.

2:14க்கு வாசலில் கார் சத்தம். வருகிறவர்கள் முக்கால் மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்கள். சூப்பர்வைசர் அம்மா சுவிட்சை அணைக்கவில்லை. ஓடுவது ஓடட்டும் என்றார்.

நிழல் விழவில்லை என்று காட்டுவதுதான் விளக்குக்காரரின் வேலை. விளக்கைத் தூக்கிக்கொண்டு கூட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். 2:30. 2:40. வந்தவர்களில் ஒருவர் விடாமல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வாரம்தான் ஃபோர்மேன் யார் என்று சொல்வதாக இருந்தது. இப்போது வாயைத் திறந்தால், குரல் மாற்றிச் சொன்னதையும் சொல்ல வேண்டும். ஃபோர்மேன் வேலை போகும். இருக்கிற வேலையும் போகும்.

2:50. நாற்பது நிமிடம் முடிந்தது.

அவர் வாயைத் திறக்கவில்லை.

கேள்வி கேட்டவர் காற்றில் கையை நீட்டி, கண்ணுக்குத் தெரியாத தகட்டை விரலால் தட்டிப் பார்த்தார். எல்லோரும் சிரித்தார்கள். விளக்குக்காரரும் சிரித்தார். விளக்கின் வெளிச்சம் சுவரில் ஆடியது. பெரிய விளக்கு, கனம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

4:05க்கு அணைத்தார்கள். எல்லோரும் வாசல்வரை வழியனுப்பப் போனோம். அவர் போகவில்லை.

4:07க்குக் கூட்டின் கதவைத் திறந்தார்.

உள்ளே யாரும் இல்லை.

சுவர். தரை. அவ்வளவுதான். திருட்டுப் பயல், முன்னாலேயே நழுவிவிட்டான். அவருக்கு உயிர் திரும்பி வந்தது. கதவை அறைந்து மூடித் தாழ் போட்டார். ஆணியில் போர்வை இல்லை. கண்ணில் பட்டது, மனதில் படவில்லை.

5:10க்கு வீட்டுக்கு போன் போட்டார். மனைவி சொன்னார்: "தம்பி அஞ்சு மணிக்கே வந்துட்டானே. அக்கா வந்துட்டேன்னு குரல் கேட்டுச்சு. அறையில படுத்திருக்கான் போல."

6:30க்கு வீட்டுக்குப் போனார். மனைவி சமையலறையில் இருந்தார். மச்சினனின் அறையில் விளக்கு எரிந்தது. மின்விசிறி ஓடியது. கட்டிலில் ஆள் இல்லை.

ஆனால் மெத்தை நடுவில் அமுங்கியிருந்தது. தலையணையும் அமுங்கியிருந்தது.

"மாமா..."

கட்டிலிலிருந்துதான் வந்தது குரல்.

"விளக்கைப் போடுங்க மாமா..."

விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

அவருக்குக் கோபம் வந்தது. போர்வை! கம்பெனிப் போர்வையைச் சுருட்டிக்கொண்டு வந்து விளையாட்டுக் காட்டுகிறான்.

"நடிக்காதடா. எடுடா அதை."

இழுக்கக் கையை நீட்டினார்.

துணி எதுவும் கையில் சிக்கவில்லை.

ஒரு நெற்றி பட்டது. ஈரம். ஐஸாகச் சில்லிட்டிருந்தது.

"என் குரல் கேட்டுச்சு மாமா... வெளியேன்னு... நான் உள்ளதானே இருந்தேன்..."

அவரால் கையை எடுக்க முடியவில்லை.

"நாலு மணிக்குத் திறந்தீங்கல்ல..."

மின்விசிறி நின்றது.

"ஏன் மாமா மூடினீங்க..."

மணி 6:41. தலையணை மெல்ல உப்பியது.

மெத்தை சமமானது.

போன் அடித்தது.

சூப்பர்வைசர் அம்மா. கூட்டைப் பெருக்கப் போன ஆயாவின் துடைப்பம் வெறும் தரையில் எதிலோ இடித்திருக்கிறது. குனிந்து பார்க்கும்போதே போர்வையின் பேட்டரி தீர்ந்துபோனது. காலடியில் அவன் கிடந்தான். இழுத்துப்போட வரும் மாமாக்காரருக்குத் தெரியாமல் தூங்கத்தான் அன்றைக்குப் போர்வையையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான்.

"ரெண்டு பத்துக்கு அவன் வெளியேன்னு சொன்னதை என் காதால கேட்டேனே," என்று சூப்பர்வைசர் அம்மா அழுதார். "அப்புறம் எப்படி உள்ள போனான்?"

விளக்குக்காரர் போனை வைத்துவிட்டார். விசாரணையில் நாங்கள் மூவரும் ஒன்றையே எழுதிக் கொடுத்தோம்: 2:10க்கு அவன் வெளியே இருந்தான். ஆமாம், நானும்தான் எழுதினேன். அவனாகத்தான் எப்படியோ உள்ளே போயிருக்கிறான் என்று முடித்துவிட்டார்கள். விளக்குக்காரர் ஃபோர்மேன் ஆனார். சாகப்போகிற நேரத்திலும் தம்பி தன்னைத்தான் தேடி வந்தான் என்று அவர் மனைவி இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்லி அழுகிறார். அந்த அறையின் விளக்கை அந்த வீட்டில் யாரும் அணைப்பதில்லை.

பத்து நாள் கழித்து டாக்டரின் அறிக்கை வந்தது. கூட்டின் தகடுகளுக்கு நடுவே எங்கோ காற்று உள்ளே கசிந்திருக்கிறது, அதனால் நாற்பது நிமிடத்தில் முடியவில்லை என்று எழுதியிருந்தார். உயிர் போன நேரம், மாலை ஐந்து மணி.

அப்படியென்றால் 4:07க்குக் கதவு திறந்தபோது அவனுக்கு மூச்சு இருந்தது. கதவுக்கும் அவன் தலைக்கும் ஒன்றரை அடி. இதை எங்களுக்குச் சொன்னவர் டாக்டர். விளக்குக்காரருக்கு மட்டும் பத்து நாளைக்கு முன்னாலேயே தெரியும்.