மருதாணிக்கு ரெண்டு எலுமிச்சை

சோமாலியத் தலைநகர் மொகதிசுவில் ஒருத்தி கை நிறைய மருதாணி வைத்து, வீட்டில் சாம்பிராணியும் போட்டால், புருஷன் ஊரிலிருந்து வருகிறான் என்று அர்த்தம். உபாவின் பிழைப்பே மருதாணிதான். உளவுத்துறை அவளைத் தேடி வந்ததும் அதனால்தான்.

சந்தைக் குண்டுவெடிப்பில் தங்கையைப் பறிகொடுத்தவள் உபா. குண்டு வைக்கச் சொன்னவனை ஊர் 'ஒற்றைக்காதன்' என்றது. எட்டு மாதமாக அவன் மனைவி ஹிபாக்குக்கு மருதாணி போட்டு வருகிறாள். தலைமறைவாக இருக்கும் அவன் வீட்டுக்கு வரும் நாள் தெரிந்தால், அந்த வீட்டுக்கு எதிர்க்கடை வர்சமேயிடம் 'மருதாணிக்கு' என்று சொல்லி எலுமிச்சை கேட்க வேண்டும். வர்சமே துறையின் ஆள். விஷயம் வெளியே கசிந்தால் உபாவின் தலை போய்விடும்.

அந்த வியாழன் மதியம் ஹிபாக் அழைத்தாள்.

"கல்யாணத்துக்குப் போறேன்க்கா. முழங்கை வரைக்கும் போடு."

கூடத்தில் சாம்பிராணிப் புகைக்கு மேலே மணமேற ஓர் ஆணின் கைலி விரித்திருந்தது. உபா அதைக் கவனித்தாள். கல்யாணமாவது! இன்றைக்கு அவன் வருகிறான்!

"அத்தை, கடைக்குப் போய்ட்டு வந்துடறேன்."

வாசலை அடைத்து நாற்காலி போட்டிருந்த ஹிபாக்கின் மாமியார் அசையவில்லை. உபாவின் போனும் அவள் மடியில்தான் இருந்தது.

"உள்ள வந்தவ பொழுது சாயற வரைக்கும் உள்ளதான். உக்காரு."

உபா ஒரு கையை முடித்தாள். அடுத்த கைக்குப் போகுமுன் கிண்ணத்தைக் காட்டி உதட்டைப் பிதுக்கினாள்.

"எலுமிச்சை பத்தல. இப்படியே வச்சா செவக்காது, வெளிறிப் போயிடும். அப்புறம் என்னைத் திட்டாதீங்க."

"ஐயோ அத்தை, அவரு பாத்தா சிரிப்பாரு!" என்று ஹிபாக் பதறினாள்.

"கல்யாணத்துல அவரு எங்கடி வந்தாரு? வாய மூடு!"

கிழவி முணுமுணுத்துக்கொண்டே எழுந்து வாசற்கதவைத் திறந்தாள். தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

"ஏய் வர்சமே! மருதாணிக்கு ரெண்டு எலுமிச்சை! காஞ்சதக் குடுத்தே, உன் கண்ணுலயே பிழிவேன்!"

வர்சமே கையிலிருந்த தராசை நழுவ விட்டான்.

"எ... எதுக்கு அத்தை?"

"செவிடா நீ? மருதாணிக்குடா!"

உபா சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டாள்.

சூரியன் இறங்கும் நேரம் வாசற்கதவு மெல்லத் தட்டப்பட்டது. ஒற்றைக்காதன் உள்ளே வந்து செருப்பைக் கழற்றக் குனிந்தான். அவன் நிமிர்வதற்குள் மூன்று பக்கச் சுவரிலிருந்தும் ஆட்கள் குதித்தார்கள். ஒரு தோட்டாகூடச் செலவாகவில்லை. சிக்கிவிட்டான்!

உபாமேல் சந்தேகம் வராதிருக்க, ஏற்பாட்டின்படி அவளையும் கையைக் கட்டி இழுத்தார்கள். அப்போது ஹிபாக் ஈரம் காயாத கையோடு பாய்ந்து வந்து ஒரு சிப்பாயின் சட்டையைப் பிடித்தாள். சட்டை முழுக்க மருதாணி.

"அவள விடுங்கடா! பாவம், மருதாணி போட வந்தவ! அவளுக்கு ஒண்ணும் தெரியாது!"

வண்டியில் ஏற்றும்போது அழுவது போல நடிக்கச் சொல்லியிருந்தார்கள். உபாவுக்கு நடிக்க வேண்டியிருக்கவில்லை.