பச்சை விளக்கின் மேல் சந்தனம்

என் வீட்டு அலமாரியில் சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு பச்சைப் பிளாஸ்டிக் மூடி இருக்கிறது. அதன் ஓரத்துப் பள்ளத்தில் பழைய சந்தனம் காய்ந்து ஒட்டியிருக்கிறது. என் மகள் அதைக் குப்பை என்கிறாள். அவள் வீட்டைச் சுத்தம் செய்யும் நாளில் அதை மட்டும் நான் கையில் எடுத்து வைத்துக்கொள்வேன்.

தொண்ணூறுகளில் அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் மீட்டருக்குத் திருகு முடுக்கும் வேலை எனக்கு. கையில் மின்சார ஸ்க்ரூடிரைவர், எதிரே அதை ஓட்டும் கன்ட்ரோலர் பெட்டி. உள்ளே ட்ரான்ஸ்ஃபார்மர், சர்க்யூட் போர்டு, ஃபியூஸ் என்று என்னென்னவோ இருக்கும். எங்களுக்கு வேண்டியது முகப்பிலிருந்த இரண்டு விளக்குகள்தான். திருகு சரியாக இறுகினால் பச்சை எரியும், கீச்சென்று ஒரு சின்னச் சத்தம் வரும். கோணலாக இறங்கினால் சிவப்பு, சத்தமும் நீளம். நாங்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டே சத்தத்தை வைத்து ஓட்டிவிடுவோம். பக்கத்து மேசையில், பூந்தமல்லியிலிருந்து வரும் பாய் வீட்டு அக்கா மட்டும் விளக்கிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார். அவருக்குக் காது கேட்காது. பேசுகிறவர் வாயைப் பார்த்தே சமாளித்துவந்தார். தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயம். கணவர் இல்லாமல் பிள்ளைகளை வளர்த்தவர். விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஓர் ஆயுத பூஜைக்கு எங்கள் சூப்பர்வைசர் பக்தி முற்றிப்போய், எல்லாப் பெட்டியிலும் பச்சைக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று என்று சந்தனத்தை அப்பிக் குங்குமமும் வைத்துவிட்டார். பெட்டிக்குக் கண் வரைந்தது போல அழகாகத்தான் இருந்தது. பூஜைப் பொட்டை யாரும் துடைக்கக் கூடாது, தானாக உதிர வேண்டும் என்பது அங்கே வழக்கம்.

விடுமுறை முடிந்து வந்தோம். எங்களுக்கு ஒரு குறையும் தெரியவில்லை, சத்தம்தான் கேட்கிறதே. அக்கா ஒரு திருகை முடுக்கிவிட்டு அப்படியே நின்றார். மேசையில் மீட்டர்கள் குவிந்தன. துடைத்தால் மதத்தைச் சொல்லிப் பேசுவார்கள், துடைக்காவிட்டால் வேலை ஓடாது. கடைசியில் நகத்தால் மெல்லச் சுரண்டத் தொடங்கினார்.

பின்னால் வந்து நின்ற சூப்பர்வைசர், "இன்னாம்மா, நாங்க பொட்டு வெச்சது ஒனக்குப் புடிக்கலியா?" என்றார். அக்கா திரும்பவில்லை. அவர் இன்னும் உரக்கக் கேட்டார். அக்கா சுரண்டிக்கொண்டே இருந்தார்.  நான் அக்காவின் தோளைத் தொட்டுத் திருப்பினேன். சூப்பர்வைசரின் முகத்தைப் பார்த்ததும் அக்காவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"லைட்டு தெர்ல சார். எனக்குக் காது கேக்காது."

சொன்னவர் அழவில்லை. நான்தான் அழுதேன்.

 சூப்பர்வைசர் கைக்குட்டையை நனைத்து இரண்டு விளக்குகளையும் தானே துடைத்தார். பச்சை விளக்கு மூடியின் ஓரத்துப் பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் தங்கிவிட்டது. "வேலையப் பாரும்மா" என்று போனவர், விஷயத்தை ஆபீஸ் வரை கொண்டுபோகவே இல்லை. அடுத்த ஆண்டு சந்தனக் கிண்ணத்தோடு வந்தபோது அக்காவின் எதிரே போய் நின்று, அவர் நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருந்து, வாயை நன்றாக அசைத்து, "எங்க வெக்கட்டும்?" என்று கேட்டார். அக்கா சிரித்தபடி பெட்டியின் பக்கவாட்டைக் காட்டினார்.

பழைய பெட்டிகளைக் கழித்தபோது அக்காவுடைய பெட்டியின் பச்சை மூடியை நான் கேட்டு வாங்கிவந்தேன். ஆயுத பூஜையன்று என் வீட்டில் மிக்சி, சைக்கிள், கத்தரிக்கோல் எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. இந்த மூடியையும் நடுவில் வைக்கிறேன். அதற்கு மட்டும் பொட்டு வைப்பதில்லை.