மாடியில் சாத்திய கதவு

கன்னட மண்ணின் தொழிற்பேட்டையான ஹெப்பகோடியில் என் மாடி வீட்டைக் கன்னியாஸ்திரீகளுக்கு வாடகைக்கு விட்ட நாளிலிருந்தே எனக்குச் சந்தேகம்தான். ஞாயிறானால் ஒடிசாவிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்கள் வருவார்கள். ஒவ்வொருவராக உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். கண்ணைத் துடைத்தபடி வெளியே வருவார்கள். மதம் மாற்றுகிறார்கள் என்றே முடிவு கட்டினேன்.

கையும் களவுமாகப் பிடிக்க ஒருநாள் மேலே போய்க் கதவைத் தள்ளினேன். உள்ளே ஒரு சிலுவைகூட இல்லை. நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்து, செல்போனில் தெரிந்த கைக்குழந்தைக்குத் தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்.

"ஒரே ஷெட்ல பன்னெண்டு பேரு படுக்குறாங்க அக்கா," என்றார் பின்னாலேயே வந்து வாசலில் நின்ற சிஸ்டர். தமிழ் பேசும் கோலார் தங்கவயல்காரர். "பொண்டாட்டி புள்ளைங்ககிட்ட தனியா பேச எங்க போவாங்க? அதுக்குத்தான் இந்த ரூம்."

"ஜெபம் எதுவும் இல்லையா?" விடாமல் கேட்டேன்.

"அதை நாங்க பண்ணிக்கிறோம்."

அதற்குள் அந்த மனிதர் எழுந்துவிட்டார். நானும் பேசத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்தார் போலும். நாற்காலியை என் பக்கம் திருப்பிவைத்து, "மாதாடி அம்மா" என்று அரைகுறைக் கன்னடத்தில் பேசச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

கையில் போன் இருந்தது. கீழே அத்தனை அறைகளிலும் நான் மட்டும்தான். யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.